பழமில்லாத மணம்

துர்க்கந்தம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டுமென்று எந்தச் சாஸ்திரமும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை; சுகந்தத்தின் முன்னாலும் அவ்வாறே விலக வேண்டிய சந்தர்ப்பம் உண்டு என்பதைத்தான் ஒருவரும் சரியாகக் கற்பிக்கவில்லை என்ற எண்ணம் நெடுநாளாக என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. இதற்கு இன்ன சம்பவந்தான் காரணமென்று சொல்ல முடியாது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் அடிக்கடி போய் வருகிறவன், ஆனி மாதத்தில் பண்ருட்டிப் பலா ஏற்றிய பேருந்தில் அமர்ந்து முதுநகரைத் தாண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையின் மதிற்சுவர்களை நெருங்கும்போது, மூக்கில் படுகிற இனிப்பு இருக்கைக்கு அடியில் கிடக்கும் சாக்கிலிருந்து வருகிறதா, சுவருக்கு அப்பாலிருந்து வருகிறதா என்று ஒரு கணம் தீர்மானிக்க இயலாமற் போகிறான்; அந்தக் கணத்தின் சங்கடமே என்னைத் தொடர்ந்து வருவது. நாற்றமாக இருந்தால் ஜன்னலைச் சாத்துவோம். இனிப்பாக இருந்தால் மூச்சை இன்னும் சற்று ஆழமாக இழுக்கிறோம். உடம்பு தானாகச் செய்துவிடுகிற இந்தக் காரியத்தில் புத்தியைக் கேட்பாரில்லை.

நான் சொல்ல வந்த வஸ்துவுக்கு ஐசோஅமைல் அசிடேட் என்று பெயர். மளிகைக் கடையில் அது வாழைப்பழ எசென்ஸின் உள்ளடக்கம்; வார்னிஷ் வேலை செய்கிறவர்களிடம் அதற்குப் பனானா ஆயில் என்று வழக்கு. 7 கார்பன் அணுக்களும் 14 ஹைட்ரஜன் அணுக்களும் 2 ஆக்ஸிஜன் அணுக்களும் சேர்ந்த, நிறமற்ற, தெளிந்த திரவம். 142 பாகையில் கொதிப்பது. தண்ணீரைவிட இலேசாகையாலும் அதில் கரைய மனமில்லாமையாலும் மேலே மிதப்பது. ஒரு துளியைக் காகிதத்தில் விட்டு மூக்கருகே கொண்டுவந்தால் முதலில் வருவது கனிந்து தோல் கறுத்த வாழைப்பழம். அதன் பின்னால் பேரிக்காயின் மெல்லிய பச்சை வாடை. இன்னும் சிறிது நேரம் வைத்திருந்தால் அந்த இனிப்புக்கு அடியிலிருந்து வார்னிஷின் கூர்மை ஒன்று எழுந்து தொண்டையின் பின்புறத்தை உறுத்தும். இந்த வஸ்துவைப் போலி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் வாழையும் பலாவும் கனியும்போது தம் சதைக்குள்ளேயே இதைச் செய்துகொள்ளுகின்றன. பலாச் சுளையின் வாசனையில் ஐசோவலெரிக் அமிலத்தின் எஸ்டர்கள் பலவற்றோடு கூட இதுவும் கலந்திருக்கிறது என்று பகுத்துக் கண்டிருக்கிறார்கள். மரம் செய்ததற்கும் குடுவை செய்ததற்கும் மூலக்கூறில் அணுவளவும் பேதமில்லை. பேதம் வேறிடத்தில் இருக்கிறது. பழத்தின் வாசனை ஒரு வாக்குறுதி. இதோ இங்கே சர்க்கரை இருக்கிறது, சதை இருக்கிறது, தின்றுவிட்டு விதையைக் கொண்டுபோய் எங்காவது போடு என்று மரம் பிராணிகளுக்கு விடுக்கிற அழைப்பு அது. எத்தனையோ யுகங்களாக அந்த அழைப்பை நம்பி நடந்ததனால்தான் நம் மூக்கு அதற்கு இப்படி வசப்படுகிறது. புட்டியில் இருப்பது வாக்குறுதி மட்டும்; அதை நிறைவேற்றுவதற்குப் பின்னால் யாரும் இல்லை.

கரிம இரசாயனம் பயில்கிற மாணாக்கர்களுக்கு இந்த வஸ்து வெகுகாலமாகப் பழக்கம். 1929இல் தோன்றிய பல்கலைக்கழகத்தினால் இரசாயனக் கல்விக்குப் பேர்போன சிதம்பரத்தில் அந்தக் குடுவையைப் பற்றிப் பேசினால் முகம் மலர்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐசோஅமைல் ஆல்கஹாலின் வாடை நெஞ்சை அடைத்து இருமலை வரவழைக்கும். கிளேசியல் அசிட்டிக் அமிலமோ கண்ணைக் கரிக்கும். இவ்விரண்டையும் உருண்டைக் குடுவையில் ஊற்றி, அடர் கந்தக அமிலத்தைச் சில துளிகள் சேர்த்து, மேலே குளிர்விக்கும் குழாயைப் பொருத்தி, ஆவி ஏறி மீண்டும் துளியாக இறங்கும்படி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், அந்த இரு நெடிகளுக்கும் நடுவிலிருந்து, முதலில் ஐயத்துக்கிடமாகவும் பிறகு மறுக்க முடியாதபடியும், வாழைப்பழ வாசனை கிளம்புகிறது. ஆறியபின் பிரிபுனலில் ஊற்றிச் சோடியம் பைகார்பனேட் கரைசலால் கழுவும்போது நுரைத்துப் பொங்கும். புனலைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கடி திருகைத் திறந்து உள்ளே சேரும் வாயுவை விடாவிட்டால் மூடி தெறிக்கும். ஆசிரியர் அப்போது சொல்லுகிற வாக்கியம் ஒன்று உண்டு: குடுவையின் வாயில் மூக்கை வைக்காதே, உள்ளங்கையால் காற்றை உன் பக்கம் விசிறிக்கொள். பரீட்சைக்கு உதவாத அந்த ஒரு வாக்கியத்தில் வாசனையோடு மனிதன் நடந்துகொள்ள வேண்டிய முறை முழுவதும் அடங்கியிருப்பதாக இப்போது தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. இந்தக் கிரியை ஒருபோதும் முற்றுப்பெறுவதில்லை. ஒருபக்கம் எஸ்டர் உண்டாகிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் அது பிரிந்து பழைய அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் திரும்பிக்கொண்டிருக்கும். அமிலத்தை மிகுதியாகச் சேர்த்துத்தான் தராசை நம் பக்கம் சாய்க்கிறோம்.

அவலட்சணமான வாடையிலிருந்து சுகந்தம் பிறக்கிற இந்த அதிசயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரியவர்களையும் வியக்கவைத்தது. 1851இல் லண்டன் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் செயற்கைப் பழ எசென்ஸ்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, அவற்றைப் பரிசோதித்த ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய இரசாயன நிபுணர், பேரிக்காய் எண்ணெய் என்று விற்கப்பட்டது அமைல் அசிடேட் என்றும், அன்னாசி எண்ணெய் என்பது எத்தில் பியூட்டிரேட் என்றும் கண்டு வெளியிட்டார். சாராயம் வடிக்கும்போது கடைசியில் தங்குகிற பியூசல் எண்ணெய் என்னும் கசண்டிலிருந்து முன்னது. கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றமுடைய பியூட்டிரிக் அமிலத்திலிருந்து பின்னது. இந்தச் செய்தி நமக்கு அந்நியமானதன்று. கடலூருக்கு அருகே நெல்லிக்குப்பத்தில் 1840களிலேயே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை தோன்றிவிட்டது. ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் ஷுகர் ஃபாக்டரீஸ் என்று அந்நிறுவனம் பெயர் பூண்டிருந்த காலத்தில் கரும்பும் சாராயமும் ஒரே குடையின்கீழ் இருந்தன. 1914இல் அங்கேயே மிட்டாய்த் தொழிலும் தொடங்கிற்று. அந்த மிட்டாய்க் கம்பெனியை 2004இல் கொரிய தேசத்து லாட்டே வாங்கிக்கொண்டது. கரும்பு ஒரு கோடியிலும் மிட்டாய் மறு கோடியிலும் இருக்க, இடையில் நிற்பது இந்த எஸ்டர் வம்சம். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையின் ஓரத்தில் வைக்கிற அன்னாசிக் கேசரியில் அன்னாசித் துண்டு நாலுக்குமேல் இல்லாவிட்டாலும் பந்தல் முழுவதும் அன்னாசி மணக்கிறதென்றால், பரிசாரகர் மூடியில் அளந்து விட்ட அரை மூடி எசென்ஸ்தான் அதற்குக் காரணம். அதை நான் குறைசொல்லவில்லை. அந்த அளவில் அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை, குழந்தைகள் மகிழ்கின்றன. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கு அருகே கரையேறிப் பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் வேரோடு சாய்த்துப் போட்டபின், புதுக் கன்றுகள் காய்ப்புக்கு வரக் காத்திருந்த ஆண்டுகளில், கடைகளில் எசென்ஸ் புட்டிக்கு மட்டும் எந்தக் குறைவும் நேரவில்லை என்பது என் நினைவுக்கு வருகிறது. மரமும் பருவமும் தேவைப்படாத மணம் அது.

இங்கே தர்க்க நூலின் ஒரு பகுதியை எண்ணிப் பார்க்கிறேன். சிதம்பரம் ஆகாச ஸ்தலம். ஆகாசத்துக்குரிய குணம் சப்தம் ஒன்றே. கந்தம் பிருதிவிக்கு உரியது. பிருதிவிக்கு இலக்கணம் சொல்லும்போதே தர்க்க நூலார் கந்தமுடையது பிருதிவி என்றுதான் தொடங்குகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்கசங்கிரகத்தில் நிறத்துக்கு ஏழு பிரிவு, சுவைக்கு ஆறு, கந்தத்துக்கோ இரண்டே இரண்டு: சுரபி, அசுரபி. நல்லது, தீயது, அவ்வளவுதான். காணும் உலகத்தை அணு அணுவாகப் பகுத்த அந்தச் சூட்சும புத்தி வாசனையில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கனம் காட்டிற்று என்று முன்பெல்லாம் வியப்பதுண்டு. இப்போது அதில் ஓர் உண்மை தெரிகிறது. கண் கண்டபின் யோசிக்கிறது; நாக்கும் ஓரளவு பொறுத்திருக்கிறது; மூக்கோ நுகரும்போதே தீர்ப்பையும் எழுதிவிடுகிறது. ஆயினும் அந்தத் தீர்ப்பு பிரியத்தையும் அப்பிரியத்தையும் பற்றியதே ஒழிய ஹிதத்தையும் அஹிதத்தையும் பற்றியதன்று. ஐசோஅமைல் அசிடேட்டின் ஆவி காற்றைப்போல் 4½ மடங்கு கனமுடையது என்று இரசாயனக் கையேடுகள் சொல்லுகின்றன. ஆகையால் திறந்த பாத்திரத்திலிருந்து எழுகிற அது மேலே போகாமல் மேஜை விளிம்பில் வழிந்து தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்திலும் சாக்கடையிலும் போய்த் தங்குகிறது. கந்தம் பூமியைத் தேடிச் செல்கிறது என்று சொல்லத் தோன்றும். இதைத் தர்க்க நூலின் வெற்றியென்று கொண்டாட மாட்டேன். ஆனால் கூரையில் மட்டும் விசிறி வைத்துவிட்டுக் காற்றோட்டம் செய்துவிட்டதாக எண்ணுகிறவர்கள் அந்தச் செய்தியைக் கவனிப்பது நல்லது.

தீயைப் பற்றியும் சொல்லவேண்டும். இத்திரவத்தின் ஆவி பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் உஷ்ணநிலை 25 பாகை என்று சில கையேடுகளும் 33 என்று சிலவும் கூறும். குளிர் நாட்டில் எழுதப்பட்ட குறிப்புக்கு 25 என்பது ஒரு பாதுகாப்பான எல்லை. அங்கே அறையில் இருக்கிற புட்டி சாதாரணமாக அதற்குக் கீழேதான் இருக்கும். கடலூரில், மார்கழி தை மாதத்து விடியற்காலைகள் சிலவற்றை நீக்கிவிட்டால், பெரும்பாலும் அதற்கு மேலேதான். அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழ் நிற்கிற பீப்பாய் பகலெல்லாம் இரண்டு எல்லைகளையும் தாண்டிய நிலையில் இருக்கிறது. மூடியைத் திறக்கிற கணத்தில் பக்கத்தில் ஒரு பீடி நெருப்போ, ஸ்விட்சின் பொறியோ, நைலான் சட்டையிலிருந்து கிளம்புகிற மின்பொறியோ இருந்தால் போதும். காற்றில் நூற்றுக்கு 1 பங்கு ஆவி சேர்ந்தாலே எரியும். ஆகவேதான் இரும்புப் பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போது இரண்டையும் கம்பியால் இணைத்துப் பூமியோடு தொடுத்துவிட வேண்டுமென்றும், தீப்பிடித்தால் தண்ணீரை வாரி ஊற்றக்கூடாதென்றும், நுரையோ கரியமில வாயுவோ உலர்ந்த பொடியோ கொண்டு அணைக்க வேண்டுமென்றும் விதி செய்திருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே மிதந்து எரிந்துகொண்டே அது தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும். சில்லறைப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கிற மலிவான கையுறை இதில் ஊறித் தளர்ந்துவிடும். சில பிளாஸ்டிக்குகள் கரைந்தே போகும். தோலில் பட்டால் அதன் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வெடிப்புண்டாக்கும். நெடுநேரம் நுகர்ந்தவனுக்குத் தலைவலியும் மயக்கமும் வரும். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது அமெரிக்காவின் சட்டம். 1000 பங்கு உயிருக்கே உடனடி ஆபத்து என்று கொள்ளுகிறார்கள். மூக்கோ இவற்றுக்கெல்லாம் மிக மிகக் கீழான அளவிலேயே வாழைப்பழம் வாழைப்பழம் என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது. நல்ல காவலாளிதான், சொல்லச் சொல்லக் களைத்துப்போகிற காவலாளி. சிறிது நேரத்தில் அந்த வாசனையே உள்ளே இருப்பவனுக்குத் தெரியாமற் போகிறது. தெரியாமற் போனதைத் தீர்ந்துபோனதாக அவன் எடுத்துக்கொள்ளுகிறான்.

இதே மூலக்கூறு தேனீக்களுக்கு வேறு சேதி சொல்லுகிறது என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட கலக்கம் சாதாரணமானதன்று. தேனீ கொட்டும்போது கொடுக்கின் அடியிலிருந்து வெளிப்படுகிற அபாய அறிவிப்பில் தலைமையான அம்சம் ஐசோஅமைல் அசிடேட் என்று 1962இல் நிறுவினார்கள். கூட்டிலுள்ள மற்றத் தேனீக்கள் அந்த மணத்தை முகர்ந்தவுடன் சீறிக்கொண்டு கிளம்புகின்றன; தேன் வளர்க்கிறவர்கள் கூட்டருகே போகுமுன் வாழைப்பழம் தின்னவேண்டாமென்று சொல்லுவது இதனால்தான். நமக்கு விருந்து, அவற்றுக்குப் போர் முரசு. முகமூடி அணிந்து வேலை செய்கிறவர்களுக்கு இதே வஸ்து பரீட்சை: ஆவியைத் தடுக்கும் முகமூடியைப் பூட்டிக்கொண்டு வாழைப்பழ எண்ணெயின் ஆவி நிறைந்த கூடாரத்துக்குள் நிற்க வைக்கிறார்கள்; மணம் தெரிந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டவில்லை என்று முடிவு. அங்கே நல்ல மணம் என்பது தோல்வியின் அடையாளம். அப்படியானால் மணத்தின் பொருள் மணத்திலா இருக்கிறது? கேட்கிறவனுடைய ஸ்தானத்தில் இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. சுரபி அசுரபி என்ற பிரிவுகூட முகர்கிற பிராணிக்குத் தக்கபடி இடம் மாறிவிடுகிறது.

கடலூர்ச் சிப்காட்டைச் சுற்றிய ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் முதலிய கிராமங்களின் ஜனங்கள் இந்த விஷயத்தில் செய்த காரியத்தைத் தமிழ்நாடு இன்னும் தக்கபடி உணரவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். காற்று நாறுகிறது, இருமல் வருகிறது, கண் எரிகிறது என்று அவர்கள் முறையிட்டபோதெல்லாம், எந்த நாற்றம், எந்த வாயு, எந்த ஆலை, நிரூபணம் எங்கே என்ற கேள்விகளே பதிலாக வந்தன. பிரத்தியட்சம் பிரமாணமாகாது என்று சொல்லுகிற நிலை அது. அவர்களில் சிலர் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் ஒன்றுகூடி, எந்த நாளில், எந்த நேரத்தில், காற்று எத்திசையிலிருந்து வீசும்போது, எந்த வளவுக்கு அருகே, என்ன மாதிரியான வாடை என்று குறித்துவைக்கத் தொடங்கினார்கள். அழுகிய முட்டை, பிணம், நகப்பூச்சு என்று தாம் அறிந்த பொருள்களைக் கொண்டு அறியாத வாயுக்களுக்கு அடையாளம் வைத்தார்கள். அன்னம்பட்டர் இரண்டோடு நிறுத்திய பட்டியலை, ஏட்டுப் படிப்பு அதிகமில்லாத அந்த ஆண்களும் பெண்களும், அவசியத்தின் நெருக்கடியில் விரித்து எழுதினார்கள். அதன்பின் பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, சிறு பம்பினால் காற்றை அதில் ஏற்றி, அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 2004 செப்டம்பரில் 'கேஸ் டிரபிள்' என்ற தலைப்போடு வெளிவந்த அறிக்கையின்படி அந்த மாதிரிகளில் 22 நச்சுப்பொருள்கள் இருந்தன; அவற்றுள் 8 புற்றுநோய் உண்டாக்குபவை. மூக்கு சொன்ன சாட்சியம் அதன்பின் தள்ளிவிடக்கூடியதாக இல்லை. நான் மரியாதையோடு நினைவுகூர்கிற காரியம் இது.

ஆனால் அந்த மரியாதையின் ஊடேயே என் பழைய சந்தேகம் தலையெடுக்கிறது. முறையீடு பிறப்பது வெறுப்பிலிருந்து. நாறினால் எழுதுவார்கள்; மணத்தால் எழுதுவார்களா? நகப்பூச்சின் வாடை பட்டியலில் இடம்பெற்றது அதில் உறுத்தல் இருந்ததனால். ஒரு நாள் இரவு கனிந்த கொய்யாவைப்போலவோ பேரிக்காயைப்போலவோ ஒரு வாடை குடிசைகளின் மேல் இறங்கியிருந்தால், யாராவது எழுந்து விளக்கேற்றி நேரம் குறித்திருப்பார்களா? பென்சீன்கூட நாற்றமென்று சொல்லத்தக்கதன்று. ஒருவகை இனிப்பு அதிலும் உண்டு. அசுரபியை எதிர்க்க நம்மிடம் இயற்கையான ஆயுதம் இருக்கிறது. சுரபியின்முன் நாம் நிராயுதபாணிகள்.

சட்டம் இந்த இடத்தில் ஓரளவு நமக்கு முன்னே போயிருக்கிறது. இயற்கை, இயற்கையை ஒத்தது, செயற்கை என்று உணவு மணப்பொருள்களை மூன்றாகப் பகுத்து டப்பாவின்மேல் அச்சிட வேண்டுமென்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. தின்கிறவனுக்கு இந்தப் பகுப்பினால் மனச்சமாதானம் கிடைக்கலாம். இயற்கை என்ற சொல்லில் அபயம் இருப்பதாக எண்ணுகிறோமல்லவா? ஆனால் அதே விதிகளில் உணவில் சேர்க்கவே கூடாதென்று தடுக்கப்பட்ட மணப்பொருள்களின் பட்டியலைப் பார்த்தால், சசாபிராஸ் வேரின் சாப்ரோலும் டோங்கா விதையின் கூமரினும் இயற்கை தந்தவையே. அவற்றோடு ஒரே வரிசையில் எத்தில் ஃபீனைல் கிளைசிடேட் என்ற ஸ்ட்ராபெரி மணமுடைய செயற்கை எஸ்டரும் நிற்கிறது. அன்னாசிக்கு மெருகேற்றுகிற அலைல் காப்ரோயேட்டின் கதை இன்னும் நுட்பமானது. கிரியை முற்றுப்பெறாமல் அதில் தங்கிவிட்ட அலைல் ஆல்கஹாலே ஆபத்து. அது நூற்றில் 0.1 பங்குக்கு மேற்படலாகாது என்று வாசனைத் தொழிலார் தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மிச்சத்தை எந்த மூக்காலும் அன்னாசியிலிருந்து பிரித்தறிய முடியாது. அதற்கு ஆய்வுக்கூடந்தான் வேண்டும்.

கேசரி தின்கிறவனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவனுக்குக் கிடைப்பது துளியின் துளி. பீப்பாயிலிருந்து கேனுக்கும் கேனிலிருந்து 20 மில்லி புட்டிக்கும் மாற்றுகிற சிறு கூடத்தில், நாள் முழுவதும் அந்த ஆவியின் நடுவே நிற்கிறவரைப் பற்றித்தான் யோசிக்கிறேன். ஊரெங்கும் இத்தகைய கூடங்கள் உண்டு. வெளியே நிற்கிறவர்களுக்கு அங்கே நடப்பது மிட்டாய் வேலை போலத் தோன்றும். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் சட்டையை முகர்ந்து பார்த்துச் சந்தோஷப்படும். பீப்பாயின்மேல் ஒட்டியிருக்கிற தீப்பிழம்புச் சித்திரத்துக்குக் கீழே உள்ள எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம். அது தமிழில் இருக்கவேண்டும். பீப்பாயோடு வருகிற பாதுகாப்புக் குறிப்பும் தமிழில் இருக்கவேண்டும். தரையை ஒட்டிக் காற்று வெளியேறுகிற வழி வேண்டும். பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். திறந்த மூடி மூடப்படவேண்டும். இவற்றோடு நான் சேர்க்க விரும்புவது செலவில்லாத ஒன்று. உள்ளே இருப்பவருடைய மூக்கு களைத்துவிடுமாகையால், மணிக்கொரு முறை வெளியிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்று முகர்ந்து பார்க்கவேண்டும். தேநீர் கொண்டுவருகிற பையனாக இருந்தாலும் சரி, கணக்கெழுதுகிற அம்மாளாக இருந்தாலும் சரி. மணமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் வேலையை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிடவேண்டும். அந்த வேளையையும் காற்றின் திசையையும் குடிகாட்டு ஜனங்கள் செய்ததுபோல் ஒரு நோட்டில் எழுதி வைக்கவேண்டும்.